பழைய கணினியில் இரண்டாவது வன்தட்டு பொருத்துதல்

ஏற்கெனவே ஒரு வன்தட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினியில், அதைக் கழற்றாமல் கூடுதலாக இன்னொன்றை மாட்டும் வேலை இது. பேச்சில் ‘செகண்ட் ஹார்ட் டிஸ்க் போடுறது’. வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் புதிய தட்டை வாங்குமுன் பழைய கணினி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று பார்க்காவிட்டால் அந்த அரை மணி இரண்டு நாளாக நீளும்.

2000-களின் முற்பாதியில் வீடுகளுக்கு வந்த கணினிகளில் 40 ஜிபி வன்தட்டு சாதாரணம். மினி டிவி கேசட்டில் எடுத்த வீடியோவை அப்படியே கணினியில் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரிலோ சுற்றுவட்டாரத்திலோ நடந்த ஓர் அறுபதாம் கல்யாணத்தின் மூன்று கேசட்டுகள் போதும், 40 ஜிபி தட்டில் மூச்சுவிட இடமிருக்காது. இரண்டாவது தட்டுக்கான தேவை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கியது.

முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு வகை. அகலமான பட்டை கேபிளும் 40 ஊசிகளும் இருந்தால் அது ஐடிஇ. ஒரு கேபிளில் இரண்டு தட்டுகள் மாட்டலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்பதைத் தட்டின் பின்புறம் ஊசிகளின் மேல் செருகும் ஜம்பர் என்ற சிறு பிளாஸ்டிக் மூடி தீர்மானிக்கும். ஜம்பரை எங்கே செருகுவது என்ற படம் தட்டின் மேல் ஒட்டிய தாளிலேயே இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஐடிஇ தட்டுகளில் ‘தனியாக இருக்கும் தட்டு’ என்பதற்கும் ‘ஸ்லேவுடன் இருக்கும் மாஸ்டர்’ என்பதற்கும் வெவ்வேறு இடங்கள் உண்டு. புதிய தட்டை ஸ்லேவாக்கி மாட்டியதும் இரண்டுமே தெரியாமல் போனால், பலர் புதியதைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். குறை அதில் இல்லை. பழைய தட்டின் ஜம்பரையும் மாற்றியிருக்க வேண்டும். 80 கம்பிக் கேபிளாக இருந்தால் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு.

2003 முதல் வரத்தொடங்கிய சாட்டாவில் இந்தத் தலைவலி இல்லை. ஒரு கேபிளுக்கு ஒரு தட்டு. ஜம்பரை அமைக்கத் தேவையில்லை. விதிவிலக்கு ஒன்று: வியா நிறுவனத்தின் விடி8237 சிப்செட் உள்ள பழைய மதர்போர்டுகள் பின்னால் வந்த, வேகம் கூடிய தட்டுகளைக் கண்டுகொள்வதில்லை. அந்தத் தலைமுறைத் தட்டுகள் பலவற்றில் வேகத்தை 1.5 கிகாபிட்டுக்குக் குறைக்க ஒரு ஜம்பர் வைத்திருந்தார்கள்.

அடுத்தது கொள்ளளவு. பழைய ஐடிஇ முறை தட்டின் பிரிவுகளை (செக்டர்) எண்ண 28 பிட்டுகளையே பயன்படுத்தியது. ஒரு பிரிவு 512 பைட் என்பதால் 137 ஜிபியோடு கணக்கு முடிந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி இந்த வரம்பைத் தாண்டியது 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில். பழைய பயாஸும் சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பியும் சேர்ந்த கணினியில் பெரிய தட்டை மாட்டினால், எல்லை தாண்டி எழுதும் தரவு தொடக்கத்தில் இருப்பதன் மேலேயே விழ வாய்ப்புண்டு. அடுத்த மதில் 2.2 டிபி: எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையால் அதற்கு மேல் எண்ண முடியாது. ஜிபிடி முறைதான் வழி. 32 பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது.

மின்சாரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 3.5 அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஓடத் தொடங்கியபின் 6 முதல் 8 வாட் போதும். பத்தாண்டு உழைத்த எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) அந்தத் தொடக்க இழுவையில் திணறினால் கணினி தானாக மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். சூடும் சேரும். பெரும்பாலான தட்டுகளுக்கு 60 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று உச்சவரம்பு போட்டிருப்பார்கள். சித்திரை, வைகாசியில் சிவகங்கைச் சீமையில் வெளியே 40 டிகிரியை நெருங்கும்போது, செம்மண் தூசி அடைத்த கேபினெட்டுக்குள் என்ன இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். இரண்டு தட்டுகளையும் ஒட்டி மாட்டாமல் நடுவில் ஒரு தட்டிடம் காலியாக விடுவது நல்லது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். மாட்டி முடித்ததும் பயாஸில் இரண்டு தட்டுகளும் தெரிகின்றனவா, முதலில் எதிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். சிஆர்2032 பேட்டரி செத்துப்போன கணினியில், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் இந்த வரிசை பழைய நிலைக்குத் திரும்பி, வெற்றுத் தட்டில் விண்டோஸைத் தேடும். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பகுப்பும் ஃபார்மட்டும். இங்கே டிரைவ் எழுத்தை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்துத் தட்டை அடையாளம் காண்பதே பாதுகாப்பு. ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த 13 ஜிபி கல்யாண வீடியோ ஒரே கோப்பாக அதில் ஏறாது. எழுதும் பணிகளைக் குறித்துவைக்கும் ஜர்னல் ஏற்பாடும் அதில் இல்லை. 2012 வாக்கில் தமிழக மாவட்டங்களில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது யூபிஎஸ் இல்லாதவர்களுக்கு ஜர்னல் உள்ள என்டிஎஃப்எஸ் பெரிய ஆறுதல்.

லினக்ஸ் ஓட்டுபவர்கள் இரண்டாவது தட்டை எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்தால் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். என்டிஎஃப்எஸ்ஸில் கோப்புப் பெயருக்கு 255 குறியீடுகள்வரை இடமுண்டு. எக்ஸ்ட்4-ல் 255 பைட் மட்டுமே, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கோ மூன்று பைட் செலவாகும். ‘அமராவதிபுதூர்’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு 13 குறியீடு, 39 பைட். 85 குறியீடுகளுக்கு மேல் போகும் தலைப்புகளை நகலெடுக்காமல் மறுத்துவிடும். மின்னூல்களை முழுத் தலைப்போடும் ஆசிரியர் பெயரோடும் சேமிக்கிறவர்கள் இதில் அடிக்கடி சிக்குவார்கள்.

ஒரே கேபினெட்டில் இருக்கும் இரண்டாவது தட்டைக் காப்புநகல் என்று கருத முடியாது. எஸ்எம்பிஎஸ் வெடித்தாலோ இடி இறங்கினாலோ இரண்டும் ஒன்றாகவே போகும். இன்று நிலைமை தலைகீழ்: சிறிய எஸ்எஸ்டியை முதல் தட்டாக்கி விண்டோஸை அதில் ஏற்றி, பழைய தட்டை இரண்டாவதாக வைத்துக்கொள்கிறார்கள். கணினியைக் காயலான் கடைக்குப் போடும்போது முதல் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, கீழ்த் தட்டிடத்தில் இருக்கும் இரண்டாவதை மறந்துவிடுவதும் நடக்கிறது. ‘டெலீட்’ செய்தாலும் விரைவு ஃபார்மட் செய்தாலும் தட்டில் உள்ள தரவு அழிவதில்லை. எல்லாப் பிரிவுகளையும் ஒருமுறை முழுக்க மேலெழுத வேண்டும்.