பொம்பளைங்க மாத்திரையும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த மேட்டர். இன்னைக்கு எழுதிடறேன்.

என் சித்தப்பா பையன் ஒருநாள் ஃபோன் பண்ணினான். "அண்ணே, டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பாத்துட்டு 'வீட்டம்மாவுக்கா சார்?'னு கேக்கறாரு. வாங்காமலே வந்துட்டேன்."

மாத்திரை பேரு க்ளோமிஃபீன்.

முன்கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி, ஜிம்ல யாரோ சொன்னாங்கன்னு டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட ஆரம்பிச்சிருக்கான். உடம்பு நல்லா ஏறிச்சு, ஊசியை விடலை. கல்யாணமாகி ரெண்டு வருஷம் குழந்தை இல்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில், விரதம் எல்லாமே அவன் மனைவிக்குத்தான். கடைசியில் இவனைச் சோதிச்சா, விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். "ஆம்பளை ஹார்மோனைத்தானேண்ணே போட்டேன், அது எப்படி?"ன்னான். எனக்கும் பதில் தெரியலை. தேடிப் படிச்சதில் கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

1889, பாரிஸ். ப்ரௌன்-செகார் என்ற பெரிய உடலியல் அறிஞர், வயசு 72. நாய், கினிப் பன்றி இவற்றின் விரைகளை நசுக்கி எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். தெம்பு திரும்பிவிட்டதாகச் சபையில் அறிவிக்கவும் செய்தார். தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் பேருக்குக்கூட இருந்திருக்காது, எல்லாம் மனசு பண்ணின வேலை. ஆனால் 'குறையுதா, வெளியிலிருந்து ஊத்து' என்ற எண்ணம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் காளை விரைகளிலிருந்து அசல் ஹார்மோனைப் பிரித்து டெஸ்டோஸ்டீரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் பூட்டெனான்ட், ருசிக்கா இருவரும் தனித்தனியாக அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939 வேதியியல் நோபல் இருவருக்கும் கிடைத்தது (பூட்டெனான்டை வாங்கவிடாமல் தடுத்தது நாஜி அரசு). ஊத்துவதற்குச் சரக்கு ரெடி!

சிக்கல் எங்கேன்னா, நம்ம உடம்பு மாடி டேங்க் மாதிரி. டேங்க் நிறைஞ்சா ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்திடும். லாரித் தண்ணி வாங்கி ஊத்தினா மோட்டார் ஓடவே ஓடாது. இங்கே ஸ்விட்ச் மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ். ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தால், பிட்யூட்டரிக்குப் போகும் உத்தரவு குறையும். எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். ரெண்டும் விழும். விந்தணு உண்டாக, ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு டெஸ்டோஸ்டீரோன் விரைக்குள்ளேயே சுரக்கணும். உத்தரவு நின்னா அதுவும் காலி.

இதையே கருத்தடை முறையாகச் சோதித்துப் பார்த்தது உலக சுகாதார நிறுவனம். வாரம் 200 மி.கி. ஊசி போட்டதில், ஆறு மாசத்துக்குள் பாதிக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு விந்தணு பூஜ்யமானது. முடிவு வெளியான வருஷம் 1990. என் தம்பி தெரியாமலே அந்தச் சோதனையைத் தனக்குப் பண்ணிக்கிட்டான் :-(

இப்போ மாத்திரைக்கு வருவோம். 1956-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில், மெரெல் மருந்து கம்பெனியில் ஃப்ராங்க் பலோபோலி தயாரித்தது க்ளோமிஃபீன். எலிகளுக்குக் கொடுத்தால் கரு உண்டாவது தடைபட்டது. ஆனால் 1961-ல் ராபர்ட் க்ரீன்ப்ளாட் குழு பெண்களுக்குக் கொடுத்தபோது தலைகீழ், நின்றுபோன கருமுட்டை வெளிவர ஆரம்பித்தது! 1967-ல் அமெரிக்காவில் பெண்களுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது.

ஆணுக்கு எதுக்கு? ஆண் உடம்பிலும் டெஸ்டோஸ்டீரோனில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. டேங்க் நிறைஞ்சதை மூளை பெரும்பாலும் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. க்ளோமிஃபீன் அந்தக் கண்ணை மறைத்துவிடும். டேங்க் காலின்னு நினைச்சு மூளை மோட்டாரைப் போடும், விரை தானே சுரக்கும். டெஸ்டோஸ்டீரோனும் ஏறும், விந்தணுவும் தப்பிக்கும்.

எல்லாருக்கும் இது வேலை செய்யாது. கிணறே வத்திப்போயிருந்தா, அதாவது விரையே பழுதாகியிருந்தால், மோட்டார் ஓடி என்ன பிரயோஜனம்? சிலருக்குப் பார்வை மங்கலாகும், உடனே நிறுத்தணும். ஆண்களுக்கென்று அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடையாது, டாக்டர்கள் தங்கள் பொறுப்பில்தான் எழுதுகிறார்கள். இதிலுள்ள ஒரு பகுதியான என்க்ளோமிஃபீனைத் தனியாகப் பிரித்து ஆண்களுக்காகக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2015-ல் அமெரிக்க அரசு அதற்கும் ஒப்புதல் தரவில்லை.

தம்பி கதை? ஊசியை நிறுத்தி, டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை சாப்பிட்டான். எட்டு மாசம் கழிச்சு எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமா வர ஆரம்பிச்சிருக்கு. குழந்தை இன்னும் இல்லை. சித்தி இப்போ மருமகளை விரதம் இருக்கச் சொல்றதில்லை. மருந்துக்கடையில் கேட்டா "எனக்குத்தான்"னு சொல்லிட்டு வாங்கிட்டு வர்றானாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு யாரும் கடைக்கு ஓடாதீங்க மக்கா. முதல்ல ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர். வீட்ல குழந்தைப் பேச்சு வந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து போங்க.