சுராங்கனியைத் தெரியும், மனோகரைத் தெரியுமா?

தாம்பரத்துல இருந்து காலேஜ் டூர் பஸ் கிளம்பினா, செங்கல்பட்டு தாண்டுறதுக்குள்ள யாராவது ‘சுராங்கனி’ ஆரம்பிச்சுடுவாங்க. முன்சீட்டைத் தட்டினா போதும், தாளம் ரெடி. நடுவுல வர்ற சிங்கள வரிகளுக்கு அர்த்தம் தெரியாமலே கத்திப் பாடுவோம். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கேன், அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் பாட்டைத் தமிழர்களிடம் கொண்டுவந்து சேர்த்த குரல் ஏ.இ. மனோகரனுடையது. ‘சிலோன் மனோகர்’னு சொன்னா உங்க அப்பா அம்மாவுக்குச் சட்டுனு தெரியும். 1970களில் இலங்கைத் தமிழ் பாப் இசை மேடைகளின் நட்சத்திரம் அவர். அந்த இசைக்கு அடித்தளம் பைலா. போர்ச்சுகீசியர் காலத் தொடர்பில் இலங்கைக் கரையோரம் வளர்ந்த ஆட்டத் தாளம் அது. 1977ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா இதே பாட்டை மலேசியா வாசுதேவனையும் ரேணுகாவையும் பாடவைத்தார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று 1956ல் சட்டம் போட்ட நாடு இலங்கை. அங்கிருந்த தமிழர் ஒருவர் ரெண்டு மொழியையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பாடினார். சிங்கள ரசிகர்களும் தமிழ் ரசிகர்களும் சேர்ந்தே ஆடினாங்க. மொழிக்காக சண்டை நடந்த ஊரில் இது சின்ன விஷயமில்ல.

மனோகர் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். கடைசியாக அவர் வசித்தது கந்தன்சாவடியில். ஆமாம், ஓ.எம்.ஆரில் நீங்க ஆபீஸ் போறப்ப தாண்டுற அதே கந்தன்சாவடிதான்.

இன்னைக்குப் பலர் ‘சுராங்கனி’யை யாரோ பாடிய நாட்டுப்புறப் பாட்டுன்னு நினைக்கிறாங்க. ரசிகர்கள் ஒரு பாட்டை அவ்வளவு சொந்தமாக்கிட்டாங்க. பாடினவர் பேர்தான் விட்டுப்போச்சு. யூடியூப்ல தேடி, ஒருமுறை அவர் குரலிலேயே கேளுங்க.