சொன்னெரா கண்ட காட்டுக்கோழி

மழைக்காலத்துக்குப் பின் பெரும்பாக்கத்துச் சதுப்பு நீரில் மிதக்கும் இலைகளின்மேல் கால் பதித்துத் திரியும் நீளவால் இலைக்கோழியை, பிலிப்பைன்ஸ் தீவுகளில் கண்டு 1776-இல் வெளியிட்ட நூலில் வர்ணித்தவர், லியோன் நகரில் 1748-இல் ஜனித்த பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் என்பதும், அவரே பின்னர் புதுச்சேரியில் தங்கித் தமிழரின் வாழ்க்கையை ஆராய்ந்தார் என்பதும் நம்மில் வெகு சிலரே அறிந்த விஷயம்.

1782-இல் பாரிசில் வெளியான தமது யாத்திரை நூலில், பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் செலுத்திய அதே சிரத்தையை நம் தெய்வங்களுக்கும், திருவிழாக்களுக்கும், விவாக முறைகளுக்கும், கைத்தொழில்களுக்கும் அவர் செலுத்தி, தாம் வரைந்த சித்திரங்களையும் சேர்த்தளித்தார். அக்கால ஐரோப்பியருக்கு இயல்பான அகந்தை அதில் ஆங்காங்கே தென்படத்தான் செய்கிறது. எனினும் ஒரு ஜனசமூகத்தை அதன் அன்றாடத் தொழிலிலிருந்தே அறிய முயன்ற அந்தப் பார்வை பெருமதிப்புக்குரியது.

தென்னாட்டுக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை என்று அவர் கருதினார். சிவப்புக் காட்டுக்கோழியே மூலம் என்று பிற்காலத்தில் டார்வின் கூறியபின் அக்கருத்து மங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே சொன்னெரா முற்றிலும் பிழைபட்டவர் அல்லர். அப்பறவையின் விஞ்ஞானப் பெயர் இன்றும் காலஸ் சொன்னெராட்டி என்பதே.