பழைய கணினியும் பழகிய விரல்களும்

வானொலியும் தொலைக்காட்சியும் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் வந்த வழி வேறு, கணினி வந்த வழி வேறு. முன்னவை இரண்டும் வீட்டுப் பெரியவரின் விருப்பத்தால் வாங்கப்பட்டுக் கூடத்தில் இடம்பிடித்தன. கணினியோ பிள்ளையின் படிப்பைக் காரணம் காட்டி, பெரும்பாலும் வைப்பு நிதியில் எடுத்த முன்பணத்தாலோ சீட்டு எடுத்த பணத்தாலோ வாங்கப்பட்டு, தூசி படாமலிருக்கத் துணியுறை போர்த்தப்பட்டு, பிள்ளை படித்து முடித்துப் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போன பிறகு பெற்றோரிடம் எஞ்சி நின்றது. வீட்டுப் பொருள்கள் வழக்கமாக மூத்தோரிடமிருந்து இளையோருக்கு இறங்கிவரும்; இது இளையோரிடமிருந்து மூத்தோருக்கு ஏறிப்போன பொருள். விடுமுறையில் ஊருக்கு வரும் மகனோ மகளோ முதல் இரண்டு நாள்களைத் தந்தையின் கணினிக்கு ஒதுக்கும் வழக்கம் இந்தத் தலைகீழ் மரபுரிமையிலிருந்தே தோன்றியது.

கணினி வீடுகளுக்குள் வர அடித்தளமிட்டவை இரண்டு அரசு முடிவுகள். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை கணினிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்குமான இறக்குமதித் தீர்வையைக் குறைத்தது. 1997இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு அத்தீர்வையைப் படிப்படியாக நீக்க வழிசெய்தது. உறுப்புகள் தனித்தனியே மலிவாக வந்திறங்கியதால், அவற்றை வாங்கிப் பூட்டிக் கொடுக்கும் தொழில் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் பெருகியது. வானொலிப் பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் உதிரிப் பொருள் விற்றுவந்த அச்சந்தையே தாய்ப்பலகை, நினைவகச் சில்லு, வன்தட்டு ஆகியவற்றுக்கும் சந்தையானது. நிறுவன முத்திரை பதித்த கணினியைவிடச் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்த இந்தப் பூட்டிய கணினியை மக்கள் 'அசெம்பிள்டு' என்றே அழைத்தனர். கணினி முழுவதையும் குறிக்க 'சிஸ்டம்' என்ற சொல் வழக்கூன்றியதும் இக்காலத்தில்தான்.

பூட்டிய கணினியின் பெருங்குணம், அதைக் கழற்றவும் முடியும் என்பது. உறையின் பக்கத்தகட்டைத் திருகாணி நீக்கித் திறந்தால் உள்ளிருப்பவை யாவும் பொது அளவில் அமைந்த, மாற்றத்தக்க உறுப்புகள் என்பதால், ஊரில் இருக்கும் ஒரு பழுதுநீக்குபவர் பத்தாண்டுக் கணினியையும் இயங்க வைத்தார். நினைவகச் சில்லைப் பிடுங்கி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, மீண்டும் செருகுவது அவரது முதல் மருத்துவம். திரையில் ஒன்றும் தெரியாமல் வெறுமனே ஒலியெழுப்பிக்கொண்டிருந்த கணினி உயிர்பெறுவதற்கு அதுவே பலமுறை போதுமானதாக இருந்தது, ஏனெனில் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தொடுமுனைகளில் படியும் மாசுதான் அங்கே நோய். அடுத்தது, தாய்ப்பலகையில் பொருத்திய, நாணயம் போன்ற மூன்று வோல்ட் மின்கலம். கணினி அணைந்திருக்கையில் அதன் கடிகாரத்தை ஓடவைப்பது இதன் வேலையாதலால், இது தீர்ந்துவிட்ட கணினி ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சனவரி முதல் நாளில் விழித்தெழும். பாதுகாப்பு இணைப்புக் கொண்ட இணையதளங்களின் சான்றிதழை உலாவி கணினியின் நாளோடு ஒப்பிடும் என்பதால், நாள் தவறிய கணினிக்கு வங்கித் தளமும் தொடர்வண்டி முன்பதிவுத் தளமும் திறக்கமாட்டா. நாற்பது, ஐம்பது ரூபாய் மின்கலத்தால் தீரவேண்டிய இக்குறை, கணினியே காலாவதியாகிவிட்டது என்ற தீர்ப்புக்குப் பல வீடுகளில் காரணமாயிற்று.

ஆயினும் பெற்றோரின் ஓயாத குறை பழுதன்று, மந்தம். கணினியின் செயலகம், அதாவது கணக்கிடும் சில்லு, வயதானால் வேகம் குறைவதில்லை; காற்றாடியில் தூசி அடைத்து வெப்பம் மிகும்போது தன்னைத் தானே தணித்துக்கொள்வது தவிர, வாங்கிய நாளில் ஒரு நொடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியதோ அத்தனையைப் பத்தாண்டுக்குப் பின்னும் நிறைவேற்றும். மாறியது சுமை. 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயக்குதளம் இயங்க 64 மெகாபைட் நினைவகமே குறைந்தபட்ச அளவாகச் சொல்லப்பட்டது. 128 மெகாபைட்டோடு விற்கப்பட்ட வீட்டுக் கணினியில், 2004இல் வந்த இரண்டாம் சேவைத் தொகுப்பும், அதன்மேல் எந்நேரமும் விழித்திருக்கும் நச்சுநிரல் தடுப்பியும், அதற்கும் மேல் அரட்டைச் செயலிகளும் ஏறியபோது நினைவகம் நிரம்பியது. நிரம்பிய நினைவகத்தின் ஒரு பகுதியை வன்தட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்வது இயக்குதளத்தின் உத்தி. சுழலும் தட்டில் எழுதிப் படிப்பது சில்லில் எழுதிப் படிப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது என்பதால், பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு ஓயாமல் மினுக்க, சுட்டி நகராமல் உறைந்துநிற்கும். "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று தொலைபேசியில் சொல்லப்பட்டது பெரும்பாலும் இதைத்தான். மருந்து எளியது, நினைவகத்தைக் கூட்டுவது. ஆனால் உற்பத்தி நின்றுபோன பழைய வகைச் சில்லு புதிய வகையைவிட விலை கூடியது என்பதைக் கடைக்குப் போன பின்பே பிள்ளைகள் அறிந்தனர்.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் பெரியவர்கள் புதிய கணினியை மறுத்ததைக் கஞ்சத்தனம் என்றோ அச்சம் என்றோ விளக்குவது மேலோட்டமானது. காரணத்தின் பெரும்பகுதி தமிழ் எழுத்தில் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் வீட்டுக் கணினியை ஏற்றுக்கொண்டது முதன்மையாகத் தட்டச்சுக்காக: கோயில் மலர், குடும்ப வரலாறு, சங்கக் கடிதம், தாமே எழுதிய உரை. அவர்களுள் பலர் இளமையில் தட்டச்சு நிலையங்களில் 'லோயர்', 'ஹையர்' எனப்பட்ட கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்குப் பயின்றவர்கள். யாழ்ப்பாணத்தவரான ரா. முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலிருந்து வளர்ந்த விசைமுறை அவர்களது விரல்களில் ஏறியிருந்தது. அம்முறையில் எழுத்து கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அடிக்கப்படும்: 'கெ' என்பதற்குக் கொம்பு முதலிலும் ககரம் பிறகும். மெய்யின் புள்ளி நகரா விசையில் இருந்தது. அவ்விசையை அழுத்தினால் தாள் சுற்றிய உருளை நகராது. ஆகவே புள்ளியை முதலில் குத்திவிட்டு, அதன் கீழ் எழுத்தை அடிக்க வேண்டும்.

கணினியில் தமிழ் வந்தபோது இந்த விரல்வரிசைக்கு இடங்கொடுத்த எழுத்துருக்கள் பல தோன்றின. ஆனால் ஒவ்வொன்றும் தன் போக்கில் தோன்றியது. எழுத்துரு என்பது எழுத்துகளின் வடிவங்களைக் கொண்ட கோப்பு; குறியாக்கம் என்பது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடு. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்த பாமினி போன்ற எழுத்துருக்களுக்கு இடையே அத்தகைய உடன்பாடு இல்லை. ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகள் தோன்றும்; எழுத்துருவே இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை தோன்றும். அச்சகத்துக்குக் கோப்பை எடுத்துச் செல்பவர் அதே நெகிழ்வட்டில் எழுத்துருவையும் படியெடுத்துச் சென்றது இதனால்தான். ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் விரைவிலேயே தொடங்கின. உலகின் பல மூலைகளிலிருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்து டிஸ்கி என்ற குறியாக்கத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாட்டு அரசு டேம், டேப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைமுறையையும் ஏற்றது. இதற்கிடையே 1991இலேயே ஒருங்குறி, அதாவது உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் பொதுக் குறியாக்கம், தமிழுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. தமிழக அரசு அதைத் தன் தரமாக அறிவித்தது 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி. ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் அடிக்கப்பட்டவைதாம் பெரியவர்களின் கோப்புகள்.

இந்நிலையில் பிள்ளையின் உதவி எத்தகைய அழிவைச் செய்ய வல்லதாக இருந்தது என்பது விளங்கும். மந்தமான கணினிக்கு அன்று யாவரும் அறிந்த ஒரே தீர்வு 'ஃபார்மட் போடுவது', அதாவது வன்தட்டின் ஒரு பகுதியைத் துடைத்து இயக்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. வன்தட்டின் பகுதிகளுள் 'சி'யைத் துடைத்து 'டி'யை விட்டுவைப்பது மரபு. கோப்புகள் 'டி' பகுதியில் பாதுகாப்பாக இருந்தன என்றே வைத்துக்கொண்டாலும், எழுத்துருக்கள் இருந்தது 'சி'யிலுள்ள விண்டோஸ் அடைவில். மகன் இரவெல்லாம் விழித்து நிறுவி முடித்த, வேகமான, மாசற்ற கணினியில் தந்தை தம் கோப்பைத் திறந்தபோது அங்கே தமிழ் இருக்கவில்லை. எழுதியது அழியவில்லை, படிக்கும் கண் மட்டும் அழிந்தது எனலாம். ஆனால் அந்த எழுத்துருவின் பெயரையும் அது வந்த நெகிழ்வட்டையும் மறந்துவிட்டவருக்கு இரண்டும் ஒன்றே. புதிய ஒருங்குறித் தமிழையாவது அக்கணினியில் படிக்கலாம் என்றால், எக்ஸ்பியில் அதற்கும் ஒரு தடை இருந்தது: கூட்டெழுத்து மொழிகளுக்கான ஆதரவை வட்டாரத் தெரிவுகளுக்குள் சென்று தனியே இயக்க வேண்டும், அதற்கு நிறுவல் குறுந்தகட்டை மீண்டும் செருக வேண்டும். செய்யாவிட்டால் தமிழ் கட்டங்கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரியும்.

தொலைவிலிருந்து உதவும் முறைக்கும் ஒரு வளர்ச்சிப்போக்கு உண்டு. முதலில் தொலைபேசி மட்டுமே. வீட்டு இணைய இணைப்பும் அதே கம்பியைப் பயன்படுத்திய காலத்தில் பேசும்போது இணையம் இல்லை, இணையம் இருக்கும்போது பேச்சு இல்லை. "இடது பக்கம் கீழே பச்சையா ஸ்டார்ட்னு எழுதியிருக்கு பாருங்கப்பா, அதை அமுக்குங்க" என்று தொடங்கும் வழிகாட்டல் எக்ஸ்பி இருந்தவரை செல்லுபடியானது. அதற்கு அடுத்து வந்த பதிப்புகளில் அச்சொல் மறைந்து வட்டச் சின்னம் மட்டும் எஞ்ச, 2012இன் விண்டோஸ் 8இல் அந்தப் பொத்தானே காணாமற்போயிற்று. தொலைபேசியில் சொல்லத்தக்க பெயர் இல்லாத ஒரு திரையை வடிவமைத்தவர்கள், அதைக் கண்ணால் காணாமல் விளக்கவேண்டிய கோடிக்கணக்கான பிள்ளைகளை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

2005இல் பிஎஸ்என்எல் தொடங்கிய அகலக்கற்றை இணைப்பு இதில் ஒரு திருப்பம். நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அன்றைய அகலக்கற்றையின் இலக்கணம். அதன் புகழ்பெற்ற ஒரு வீட்டுத் திட்டத்தில் பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை பதிவிறக்கத்துக்குக் கணக்கு இருக்கவில்லை. அந்நேரம் அமெரிக்காவில் பிற்பகலும் மாலையுமாக இருந்ததால், கடல்கடந்த பிள்ளை தன் மேசையிலிருந்தபடியே தந்தையின் கணினிக்குள் நுழைந்து புதுப்பிப்புகளை இறக்குவதற்கு அது வாய்ப்பாக அமைந்தது. எக்ஸ்பியிலேயே இருந்த தொலை உதவி வசதியும், 2005இல் வந்த டீம்வியூவரும் ஒருவர் திரையை இன்னொருவர் இயக்க இடந்தந்தன. சுட்டி தானாக நகர்வதைப் பெரியவர்கள் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்த அதே வழியில் பின்னாளில் மோசடிக்காரர்களும் நுழைந்தனர். எனிடெஸ்க் என்ற தொலையியக்கச் செயலியைக் கொண்டு நடந்த வங்கிக் கணக்குத் திருட்டுகள் குறித்து 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி எச்சரிக்க நேர்ந்தது. உதவும் கையையும் திருடும் கையையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் திரையில் ஏதும் இல்லை.

பழைய கணினியின் ஆயுளுக்கு முடிவுகட்டியது பழுதும் அன்று, மந்தமும் அன்று. 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. 2016இல் குரோம் உலாவியும் 2018இல் பயர்பாக்ஸும் அதைக் கைவிட்டன. 2002 முதல் இணையவழித் தொடர்வண்டிப் பயணச்சீட்டுக்குப் பழகியிருந்தவர்களுக்கு, வீட்டில் ஓடும் நிலையிலிருந்த ஒரு பெட்டி ஒருநாள் தளங்களைத் திறக்க மறுத்தது புரியவில்லை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள், படிப்பு முடிந்தபின், பல சிற்றூர் வீடுகளில் இதே முறையில் பெற்றோர் கைக்கு வந்து அந்த இடத்தை நிரப்பின.

கோப்புகளை மீட்கும் வேலை இதற்குள் வேறு உருவம் பெற்றிருந்தது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பாமினியையும் டிஸ்கியையும் பிற குறியாக்கங்களையும் ஒருங்குறியாக்கித் தந்தன. எழுத்துருவின் பெயர் தெரியாத கோப்பை ஒவ்வொரு குறியாக்கமாகப் போட்டுப் பார்த்து, எதில் தமிழ் தெரிகிறதோ அதுவே விடை என்று கண்டுகொள்ளும் பொறுமை மட்டும் தேவைப்பட்டது. பழைய பெட்டியிலிருந்து வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறையில் பொருத்தி, புதிய கணினியில் இணைத்து இப்பணி நடந்தது. பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. விரல்களை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசச் செயலிகள் பழைய தட்டச்சு விசைமுறையையும் ஒரு தெரிவாக வைத்திருந்தன. ஒருங்குறியில் 'கெ' ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படும். ஆனால் பெரியவர் இன்றும் கொம்பை முதலில் அடிக்கிறார், செயலி அதைப் பிடித்து நிறுத்தி, ககரம் வந்தபின் அதன் பின்னால் வைக்கிறது.