முதியோர் தற்கொலை: சமூக, மக்கள்தொகைக் காரணிகள்

அறுபது வயதைக் கடந்தோரின் தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் காட்ட முடியாது. தீராத வலி, மனச்சோர்வு, துணையின் மறைவு, கடன், குடும்பப் பூசல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. பெண்களைவிட ஆண்களே கூடுதலாக உயிரிழக்கின்றனர். மனைவியை இழந்த ஆரம்ப மாதங்கள் அவர்களுக்கு மிகக் கடினமானவை.

2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் முதியோர். தென்காசி மாவட்டத்தின் ராயகிரி போன்ற வேளாண் ஊர்களிலிருந்து இளையோர் வேலை தேடி வெளியூர் செல்லும்போது, பெரியவர்கள் தனித்துவிடுகிறார்கள். பிள்ளைகளோடு வசித்தாலும் தனிமை வரும்: சொத்தை எழுதிக்கொடுத்தபின் வீட்டில் யாரும் யோசனை கேட்பதில்லை, மருந்துச் செலவுக்குக் கை நீட்ட வேண்டியிருக்கிறது. தன்னைச் சுமையாக எண்ணுவதே பெரும் ஆபத்து.

“இனி நான் இருந்து என்ன?” என்ற பேச்சை வயதின் புலம்பலென்று தள்ளுவது தவறு. சாப்பாட்டைக் குறைப்பது, மாத்திரையை நிறுத்துவது, நகையைப் பகிர்ந்தளிப்பது போன்றவற்றையும் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு முதுமையிலும் சிகிச்சையால் குணமாகும்.

பராமரிப்பு மறுக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மனநல உதவிக்கு 14416, 104; முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களை அழையுங்கள்.