மூன்றாவது கம்பி

பாளையங்கோட்டையில் நம் அத்தை குடியிருக்கும் வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் முன்னால் எப்போதும் ஒரு சோடி ரப்பர்ச் செருப்பு கிடக்கும். தண்ணீர் எடுக்கப் போன நமக்கு விரல் நுனியில் சுரீர் என்றது. அத்தை அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தார்: "அது அப்படித்தான்யா. செருப்பைப் போட்டுக்கிட்டுத் திற." எத்தனை ஆண்டுகளாக இப்படி என்று கேட்டால், அவருக்கு நினைவில்லை. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரியும் வீடு அது. அந்தச் செருப்பு அங்கே வந்து சேர்ந்ததற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு வரலாறு உண்டு.

நம் மாநிலத்தில் நீர்மின்சாரம் பெருமளவில் பிறந்தது 1932ஆம் ஆண்டு, நீலகிரியின் பைக்காராவில். 1937இல் மேட்டூரும், 1944இல் தாமிரபரணி விழும் பாபநாசமும் தொடர்ந்தன. மின்வாரியம் அமைந்தது 1957இல். அந்நாளில் இல்லங்களுக்குள் மின்சாரம் வந்தது விளக்குக்காகவே. கூடத்துக்கு ஒரு விளக்கு, அடுக்களைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று. வசதி படைத்தோர் வீட்டில் ஒரு மின்விசிறி. பிற்பாடு ஒரு வானொலிப் பெட்டி. நாற்பது வாட் விளக்குகள் ஐந்தும் எழுபத்தைந்து வாட் விசிறி ஒன்றும் சேர்ந்து ஓடினாலும், 230 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்பியருக்குக் குறைவாகவே மின்சாரம் செல்லும். இன்றோ குளியலறையின் 2,000 வாட் வெந்நீர்க் கலன் ஒன்றே ஒன்பது ஆம்பியரை நெருங்குகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் நாம் படித்த பாடந்தான். ஆனால் சுவருக்குள் இருப்பது கண்ணில் படுவதில்லை. சுவருக்கு வெளியே ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தோம்; உள்ளே தாத்தா காலத்துக் கம்பிதான்.

அந்தக் கம்பியின் கதை சுவையானது. இரண்டு பள்ளம் வெட்டிய தேக்குச் சட்டத்தைச் சுவரில் அறைந்து, பள்ளத்துக்கு ஒன்றாகக் கம்பிகளை வைத்து, மேலே தேக்குப் பலகையால் மூடித் திருகினார்கள். கம்பி செம்பு, அதற்கு ஈயம் போன்ற நிறத்தில் வெள்ளீயப் பூச்சு. அதன்மேல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர், அதற்கும் மேல் பருத்தி நூல் பின்னல். ரப்பரிலுள்ள கந்தகம் செம்பை அரித்துவிடும் என்பதாலேயே அந்த வெள்ளீயப் பூச்சு. அந்த ரப்பரில் ஒரு பங்கு, மலாயாத் தோட்டங்களில் நம் மக்களே விடியுமுன் எழுந்து பால்வெட்டிச் சேர்த்ததாக இருந்திருக்கக்கூடும். எவ்வளவு நேர்த்தியான வேலை அது! மூலைகளில் தச்சர் இழைத்த இணைப்பில் இன்றும் இடைவெளி காண முடியாது. ஆனால் ரப்பருக்கு ஆயுள் குறைவு. வெப்பம் படப்படக் காய்ந்து, வெடித்து, உதிரும். விளக்கின் சூடு எட்டும் கூரையருகில்தான் முதலில் உதிரத் தொடங்கும். எல்லாம் நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். என்றோ ஒருநாள் எலி நுழையும்போதோ மழைநீர் கசியும்போதோதான் குட்டு வெளிப்படும்.

அதன்பின் வந்த வீடுகளும் குறைக்குத் தப்பவில்லை. பி.வி.சி. உறை வந்தது, ரப்பரின் தொல்லை தீர்ந்தது. ஆனால் அறுபதுகளில் செம்பை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி போதாமையால், நாடெங்கும் வீட்டுக் கம்பிகளுக்கு அலுமினியம் பயன்பட்டது. அலுமினியம் திருகின் இறுக்கத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கி விலகும். காற்றுப்பட்ட அதன் மேற்பரப்பில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலம் படியும். எனவே சுவிட்சுகளின் திருகுகளில் பிடி தளர்ந்து சூடேறுகிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கி இணைத்த இடங்களை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடும். சுவிட்சுப் பலகை கருகியிருந்தால் பலகையை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம்.

ஆனால் அத்தையின் செருப்புக்குக் காரணம் இவையல்ல. தேக்குச் சட்டத்தில் இரண்டே பள்ளங்கள் என்றோமே, அதுதான். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. மூன்றாவதான எர்த் கம்பிக்கு அங்கே இடமே வைக்கவில்லை. அது இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டியோடு நின்றுவிட்டது. மரமும் பீங்கானும் பேக்கலைட்டுமாக இருந்த விளக்குச் சாதனங்களுக்கு அது பெரிதாகத் தேவைப்படவும் இல்லை. தேவை எழுந்தது, இஸ்திரிப் பெட்டி போன்ற உலோகச் சாதனங்கள் வந்தபோது. அப்போது என்ன செய்தோம்? பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரிலேயே ஒரு பிளக்கைச் செருகி இஸ்திரி போட்டோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும் அவ்வாறே மின்சாரம் இழுத்த காலம் நம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும்.

நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டை முனைப் பிளக்குகள், 1934இல் பிரிட்டன் வகுத்த தரவிதியின் வழி வந்தவை. 1947இல் அந்நாடு வேறு வடிவம் ஒன்றை வகுத்து, படிப்படியாக அதற்கு மாறிவிட்டது. நாம் பழையதையே வைத்துக்கொண்டோம். அதன் மூன்று முனைகளில் மேலுள்ளது மட்டும் தடித்தும் நீண்டும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மின்சாரம் வருமுன் எர்த் இணைந்துவிட வேண்டும், மின்சாரம் விலகிய பின்னரே எர்த் விலக வேண்டும் என்பதற்காக அந்த நீளம். இவ்வளவு கருத்தோடு செய்த முனையைச் செருகுகிறோம். சுவரில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை.

"ஃப்யூஸ் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்பார்கள். ஃப்யூஸ் கம்பியைக் காப்பது, ஆளைக் காப்பதன்று. 5 ஆம்பியர் ஃப்யூஸ் கம்பி உருக ஏறத்தாழ அதன் இருமடங்கு மின்னோட்டம் வேண்டும். மனிதனுக்கோ அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் தன்னார்வலரைக் கொண்டு அளந்து பார்த்தபோது, பிடித்த கம்பியை விடமுடியாமல் ஆடவர் கை இறுகுவதற்குச் சராசரியாக 0.016 ஆம்பியரே போதுமானதாக இருந்தது. எர்த் இருந்தும் மண் காய்ந்து அதன் தடை 100 ஓம் ஆகிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். உலோக உடலில் முழு மின்சாரமும் பாய்ந்தாலும் 2.3 ஆம்பியர்தான் மண்ணுக்குள் செல்லும், ஃப்யூஸ் அசையாது. எர்த் குழியில் உப்பும் அடுப்புக்கரியும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்ன பெரியவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை. டால்ஸியலே 1961இல், போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, சிறிதளவு வேறுபட்டாலும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அதே தத்துவத்தில் இயங்குவதே நம் வீடுகளில் பொருத்தச் சொல்லும் ஆர்.சி.டி. பொதுவாக 0.03 ஆம்பியர் கசிந்தாலே நொடிக்கும் குறைந்த நேரத்தில் அது விழுந்துவிடும்.

அத்தையை இணங்க வைக்கச் சில மாதங்கள் ஆயின. தேக்குச் சட்டங்கள் மாமா காலத்தில் பொருத்தப்பட்டவை; அவற்றைப் பெயர்க்க அவருக்கு மனமில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, அருகில் குழாய் பதித்து மூன்று கம்பிகளாக இழுப்பதென்று முடிவாயிற்று. வேலைக்கு வந்த எலெக்ட்ரீசியன் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு கம்பிகளிலுமே ஃப்யூஸ் வைத்த பழைய அமைப்பு. நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், மின்சாரமோ கம்பியில் அப்படியே நிற்கும். ஃப்யூஸ் கட்டையில் யாரோ தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். பெட்டியிலிருந்து இறங்கிய எர்த் கம்பியைப் பின்பற்றிக் கொல்லைப்புறம் போனவர், சிறிது நேரத்தில் நம்மைக் கூப்பிட்டார். முற்றத்துக்குச் சிமென்ட் தளம் போட்ட நாளில் குறுக்கே வந்த கம்பியை நறுக்கி, நுனியைச் சுவரோரம் மடித்து விட்டிருந்தார்கள். குழி எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மல்லிகைப் பந்தலின் கீழ்ப் புதிதாகக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய் இறக்கினோம். ஆர்.சி.டி. பொருத்திய அன்று மாலையே இரண்டு முறை விழுந்தது. பழைய மாவரைக்கும் கிரைண்டரின் வயரில் கசிவு. அதையும் மாற்றினோம். இப்போது அத்தை செடிக்கு ஊற்றும்போது குழிக்கும் ஒரு குடம் ஊற்றுகிறார். செருப்பு மட்டும் இன்னும் குளிர்பதனப் பெட்டியின் முன்னால்தான் கிடக்கிறது.