காரைக்காலில் மேல்நிலை உலக வரலாற்றுத் தேர்வு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குத் தனிக் கல்வி வாரியம் இல்லை. மேல்நிலை மாணவர்கள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே படித்துவந்தனர். 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்புக்கு சி.பி.எஸ்.இ. வந்தது.

அதோடு உலக வரலாறு படிக்கும் வகுப்பும் மாறியது. தமிழ்நாட்டுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி, ஏகாதிபத்தியம், உலகப் போர்கள் எல்லாம் பிளஸ் டூவில் வரும். சி.பி.எஸ்.இ.யிலோ மெசபடோமிய நகரங்கள், ரோமப் பேரரசு, மங்கோலியர் தொடங்கி ஜப்பான், சீனாவின் நவீனமயம் வரை பதினோராம் வகுப்பிலேயே வந்துவிடும். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், செயல்திட்டத்துக்கு 20. வரைபடக் கேள்வியும், மூலச்சான்றைப் படித்து விடையெழுதும் பகுதியும் உண்டு என்பதால் ஆண்டுகளை உருப்போட்டால் மட்டும் கரைசேர முடியாது.

செயல்திட்டத்துக்கு ஊரிலேயே பொருள் கிடைக்கிறது. தஞ்சை மராத்தியரிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்காலை, ஐரோப்பாவின் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1760இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை அதைப் பிரான்சுக்கு மீட்டுத் தந்தது. காலனி நீக்கத்துக்கும் இங்கே சான்று உண்டு: நிர்வாகம் 1954 நவம்பர் 1இல் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.